கணக்கில் ஆர்வமுள்ள மகளுக்கு எந்த சிக்ஸ்த் ஃபார்ம்?

லண்டன் ஹாரோவில் இருக்கும் ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பள்ளியில் (தேர்வு வைக்காமல் எல்லோரையும் சேர்க்கும் அரசுப் பள்ளி) இயர் 11, அதாவது பதினாறு வயதில் முடியும் வகுப்புக்குப் போயிருக்கிறாள். மற்ற பாடங்களுக்குப் பின்னாலேயே நின்று விரட்ட வேண்டும், கணக்குக்கு மட்டும் தானாக உட்காருகிறாள். அந்த ஆண்டு முடிவில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. பொதுத் தேர்வில் உச்ச கிரேடான 9 வரும் என்கிறார்கள் ஆசிரியர்கள். கிங்ஸ் மேத்ஸ் ஸ்கூலுக்குப் போடு, கிராமர் பள்ளிக்கு (தேர்வு வைத்துச் சேர்க்கும் அரசுப் பள்ளி) போடு, ஈஸ்ட் ஹாம் பக்கம் பார் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எங்கெல்லாம் விண்ணப்பிப்பது, நுழைவுத் தேர்வுக்கு டியூஷன் வைக்க வேண்டுமா என்பது அவருடைய கேள்வி.

முதலில் ஒரு விஷயம். இயர் 7 சேர்க்கைக்கு கவுன்சில் படிவத்தில் ஆறு பள்ளிகளை வரிசைப்படுத்தி எழுதிக் கொடுத்தீர்களே, இயர் 12, 13 என்ற இரண்டு ஆண்டுப் படிப்பான சிக்ஸ்த் ஃபார்முக்கு அப்படிப் பொதுப் படிவம் எதுவும் கிடையாது. ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனியே நேரடியாக விண்ணப்பிக்க வேண்டும். எத்தனை இடத்துக்கு வேண்டுமானாலும் போடலாம். நான்கு இடத்தில் ஆஃபர் வந்தால் நான்கையும் ஆகஸ்ட் வரை கையில் வைத்திருக்கலாம். முன்பணம் கட்டச் சொல்லும் தனியார் பள்ளிகள் மட்டும்தான் விதிவிலக்கு. ஆகவே "எது ஒன்று?" என்று இப்போதே மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. நான்கைந்து இடம் போதும். அதில் ஒன்று மகளின் சொந்தப் பள்ளியாக இருக்கட்டும். பத்துப் பன்னிரண்டு என்று போடுகிறவர்களைப் பார்க்கிறேன். இயர் 11 முழுவதும் படிவம் நிரப்பியே போய்விடுகிறது, மாக் என்ற மாதிரித் தேர்வு கோட்டை விட்டுப் போகிறது.

இடத்தைத் தேர்ந்தெடுக்க என்ன பார்ப்பது? ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜுக்கு எத்தனை பேர் போனார்கள் என்ற பலகையைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். கணக்குப் பிள்ளைக்கு அதைவிட முக்கியமானது ஃபர்தர் மேத்ஸ் வகுப்பு. சிக்ஸ்த் ஃபார்மில் படிக்கும் ஏ லெவலில் கணிதம் ஒரு பாடம், ஃபர்தர் மேத்ஸ் அதற்கு மேல் இன்னொரு முழுப் பாடம். கலப்பெண்கள், அணிகள், வகைக்கெழுச் சமன்பாடுகளின் கடினமான பகுதி எல்லாம் அங்கேதான் வருகின்றன. கணிதம், இயற்பியல், பொறியியல், கணினி அறிவியல் என்று எந்தப் பக்கம் போனாலும் முன்னணிப் பல்கலைக்கழகங்களில் அது கைகொடுக்கும். கேம்பிரிட்ஜ் கணிதத்துக்கோ அது இல்லாமல் கதவருகே போவதே கஷ்டம். அங்கே வழக்கமான ஆஃபர் ஏ ஸ்டார், ஏ ஸ்டார், ஏ. அதோடு ஸ்டெப் 2, ஸ்டெப் 3 என்ற இரண்டு தேர்வுகளிலும் கிரேடு 1 கேட்பார்கள். ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம், பன்னிரண்டு கேள்விகள், சிறப்பாகச் செய்த ஆறுக்கு மட்டுமே மதிப்பெண். அதற்குப் பயிற்சி கொடுக்கக்கூடிய ஆசிரியர் பள்ளியில் இருக்கிறாரா என்பது பெரிய வித்தியாசம்.

பள்ளியைப் பார்க்க அழைக்கும் ஓப்பன் ஈவினிங்கில் தலைமை ஆசிரியரின் பேச்சை அரைகுறையாகக் கேட்டால் போதும். நேராகக் கணிதத் துறையின் மேசைக்குப் போங்கள். ஃபர்தர் மேத்ஸுக்கு எத்தனை செட் (வகுப்புப் பிரிவு), ஒரு செட்டில் எத்தனை பேர் என்று கேளுங்கள். இயர் 12 செப்டம்பரில் எத்தனை பேர் அந்தப் பாடத்தை ஆரம்பித்தார்கள், அவர்களில் எத்தனை பேர் இயர் 13 கோடையில் தேர்வு எழுதினார்கள் என்பதைக் கட்டாயம் கேளுங்கள். பாதிப் பேர் பாதியில் விட்டிருந்தால் எஞ்சியவர்களின் ஏ ஸ்டார் விழுக்காடு அழகாகத்தான் இருக்கும். எப்படி நடத்துகிறார்கள் என்பதும் முக்கியம். சில பள்ளிகள் ஏ லெவல் கணிதம் முழுவதையும் இயர் 12-இலேயே முடித்துவிட்டு அடுத்த ஆண்டு ஃபர்தருக்குப் போகும். வேறு சில இரண்டையும் இரண்டு ஆண்டுகளும் சேர்த்தே கொண்டுபோகும். முதல் முறையில் வேகம் அதிகம். உங்கள் மகளுக்கு அது பிடிக்கலாம், ஆனால் முதல் டெர்ம் மூச்சு முட்டும். ஃபர்தரில் பாதிதான் எல்லோருக்கும் பொதுவான பகுதி. மீதியில் இயக்கவியல், புள்ளியியல், டெசிஷன் மேத்ஸ், மேல்நிலைத் தூய கணிதம் என்று விருப்பப் பிரிவுகள் உண்டு. பல பள்ளிகளில் அந்த விருப்பம் மாணவருடையது அல்ல, பள்ளியுடையது. இயற்பியல் பக்கம் போக நினைக்கும் பிள்ளைக்கு இயக்கவியல் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேள்விகளை மகளே கேட்கட்டும். ஆசிரியர் அவளைப் பார்த்துப் பதில் சொல்கிறாரா, உங்களைப் பார்த்துச் சொல்கிறாரா என்பதிலிருந்தும் கொஞ்சம் தெரிந்துவிடும்.

இனி இடங்கள். சொந்தப் பள்ளியை இளக்காரமாக நினைக்க வேண்டாம். அவளைத் தெரிந்த ஆசிரியர், பத்து நிமிட நடை, ஃபர்தர் மேத்ஸுக்கு உருப்படியாக ஒரு செட் இருந்தால் அதிலேயே இருந்து எங்கு வேண்டுமானாலும் போகலாம். மூன்று பேர் மட்டும் உட்கார்ந்து, பள்ளி விட்ட பிறகு ஒரு மணி நேரம் நடக்கும் ஃபர்தர் வகுப்பு என்றால் வெளியே பாருங்கள்.

கிராமர் பள்ளிகளைப் பொறுத்தவரை, உள்ளே இருக்கும் பிள்ளைகள் மதிப்பெண் வந்தால் அப்படியே மேலே போவார்கள். வெளியாருக்கு மிச்சமிருக்கும் இடத்தின் எண்ணிக்கை பள்ளிக்குப் பள்ளி மாறும், சில இடங்களில் விரல்விட்டு எண்ணலாம். அந்த எண்ணிக்கை பள்ளியின் சேர்க்கைக் கொள்கையில் அச்சாகி இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். ஹாரோவிலிருந்து பெண் பிள்ளைக்கு ஹென்ரியட்டா பார்னெட் கைக்கெட்டும் தூரம். ஆண்களுக்கான சில கிராமர் பள்ளிகளும் சிக்ஸ்த் ஃபார்மில் பெண்களைச் சேர்க்கின்றன; கிங்ஸ்டனில் உள்ள டிஃபின் அப்படித்தான், ஆனால் உங்களுக்குத் தூரம். பதினொரு வயதில் எழுதும் இலவன் ப்ளஸ் நுழைவுத் தேர்வில் கிடைக்காத பள்ளியை இப்போதாவது பிடித்துவிட வேண்டும் என்ற பழைய கணக்கைத் தீர்க்கும் ஆசை பல பெற்றோரிடம் இருக்கிறது. அது பிள்ளையின் கணக்கு அல்ல.

பெரிய சிக்ஸ்த் ஃபார்ம் கல்லூரிகள் வேறு ரகம். கேம்பிரிட்ஜில் ஹில்ஸ் ரோடு, வின்செஸ்டரில் பீட்டர் சைமண்ட்ஸ் எல்லாம் இந்த வகை. உங்களுக்கு ஃபின்ச்லியில் உட்ஹவுஸ் இருக்கிறது; ஹாரோ மலையிலேயே செயின்ட் டொமினிக்ஸ் இருக்கிறது, அது கத்தோலிக்கக் கல்லூரி, அதன் முன்னுரிமை விதிகளைப் படித்துக்கொள்ளுங்கள். இங்கெல்லாம் மாணவர் அதிகம், அதனால் ஃபர்தர் மேத்ஸுக்கே பல செட் ஓடும். பாடச் சேர்க்கையும் தாராளம். கணக்கோடு வரலாறோ இசையோ எடுக்க நினைத்தால் இந்த வகைதான் வசதி.

பிறகு, கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் எழுந்த கடும் போட்டி சிக்ஸ்த் ஃபார்ம்கள். ஸ்ட்ராட்ஃபோர்டில் லண்டன் அகாடமி ஆஃப் எக்ஸலன்ஸ் 2012-இல் வந்தது. நம் ஆட்கள் நிறையப் பேர் வாழும் ஈஸ்ட் ஹாமில் பிராம்ப்டன் மேனர், நியூஹாம் கலீஜியட் என்று இரண்டு. வெஸ்ட்மின்ஸ்டரில் 2014-இல் தொடங்கிய ஹாரிஸ் வெஸ்ட்மின்ஸ்டர். எல்லாம் அரசுப் பணத்தில் நடப்பவை, கட்டணம் கிடையாது. ஆனால் நுழைவு முறை ஒன்று போல் இருக்காது, அதற்கு ஒரு சட்டக் காரணம் உண்டு. பதினொன்று முதல் பதினெட்டு வயது வரை நடத்தும் அரசுப் பள்ளி, இங்கிலாந்தின் பள்ளிச் சேர்க்கை விதிமுறைக்குக் கட்டுப்பட்டது. பாடத் தேர்வு பற்றிப் பேச அழைக்கலாம். அந்தப் பேச்சை வைத்துச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யக் கூடாது. பதினாறு முதல் பத்தொன்பது வயதுக்கு மட்டுமான அகாடமிகளுக்கு அந்த விதிமுறை பொருந்தாது. அதனால்தான் ஹாரிஸ் வெஸ்ட்மின்ஸ்டர் தேர்வும் வைக்கிறது, நேர்காணலும் வைக்கிறது.

ஹாரோவிலிருந்து ஈஸ்ட் ஹாமுக்கு தினமும் போய்வருவது பற்றி ஒரு வார்த்தை. லண்டனின் ஒரு முனையிலிருந்து மறுமுனை அது. ஜனவரி மாத இருட்டில், காலை ஏழு மணி ரயிலில் ஒரு முறை மகளோடு சேர்ந்து போய்ப் பாருங்கள். 16 ப்ளஸ் ஸிப் ஆய்ஸ்டர் அட்டை இருந்தால் பேருந்து இலவசம், டியூபில் பெரியவர் கட்டணத்தில் பாதி. காசு பிரச்சினை அவ்வளவு இல்லை. தினமும் இரண்டரை மணி நேரம் போவதுதான் பிரச்சினை. அந்த நேரத்தில் ஒரு ஸ்டெப் கணக்கோடு உட்கார்ந்திருக்கலாம்.

இப்போது கணிதப் பள்ளிகள். பல்கலைக்கழகங்களோடு இணைந்து நடத்தப்படும் அரசுப் பள்ளிகள் இவை. இயர் 12, 13 மட்டும்தான். 2014-இல் லண்டன் லாம்பெத்தில் கிங்ஸ் கல்லூரியின் பள்ளியும், எக்ஸெட்டரில் இன்னொன்றும் முதலில் வந்தன. 2020-இல் லிவர்பூல், 2022-இல் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் பள்ளி பிரெஸ்டனில், 2023-இல் கேம்பிரிட்ஜும் வட லண்டனில் இம்பீரியல் கல்லூரியின் பள்ளியும் சேர்ந்தன. பிர்மிங்காமிலும் லீட்ஸிலும் கூட உண்டு. எக்ஸெட்டர் பள்ளி கார்ன்வால், டோர்செட் போன்ற தூர மாவட்டங்களிலிருந்து வருகிறவர்களுக்கு வார நாள்களில் தங்குமிடமும் தருகிறது. எல்லாமே சிறிய பள்ளிகள்.

இங்கே சேர்கிற எல்லோரும் கணிதமும் ஃபர்தர் மேத்ஸும் எடுத்தே ஆக வேண்டும். மூன்றாவதாக இயற்பியல், கணினி போன்றவை. தேர்வுக்கான பாடத்துக்கு அப்பால் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து ஆய்வுத் திட்டங்கள், நீண்ட கணக்குகள் என்று போகும். பக்கத்தில் இருக்கும் பிள்ளையும் பேருந்தில் கணக்குப் பேசுகிற பிள்ளையாக இருக்கும். காம்ப்ரிஹென்சிவில் ஐந்தாண்டாகக் கணக்கு பேச ஆளில்லாமல் இருந்த பெண்ணுக்கு அதன் மதிப்பு தனி. உங்கள் விவரத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றியதும் இதுதான்: கிங்ஸ், இம்பீரியல் இரண்டுக்கும் கட்டாயம் போடுங்கள். பெண் பிள்ளைகளையும், இந்த வாய்ப்பில்லாத பள்ளிகளிலிருந்து வருகிறவர்களையும் கணிதத்துக்குள் கொண்டுவருவது இந்தப் பள்ளிகளின் நோக்கங்களில் ஒன்று. "எங்கள் பள்ளி சாதாரணப் பள்ளி ஆயிற்றே" என்று தயங்க வேண்டியதே இல்லை.

ஒரே ஒரு கேள்விக்கு வீட்டில் நேர்மையாகப் பதில் வேண்டும். மருத்துவம் என்ற எண்ணம் அவளுக்கோ உங்களுக்கோ ஓரத்தில் இருக்கிறதா? மருத்துவத்துக்கு அநேகமாக எல்லா இடத்திலும் வேதியியல் தேவை. சில கணிதப் பள்ளிகளில் வேதியியலே கிடையாது. "முதலில் சேரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பது இந்த விஷயத்தில் நடக்காது. உண்மையிலேயே இரண்டு மனது என்றால் உட்ஹவுஸ் மாதிரிக் கல்லூரியில் கணிதம், ஃபர்தர், வேதியியல், இயற்பியல் என்று நான்கு எடுப்பதே புத்திசாலித்தனம்.

தனியார் பள்ளிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளி சிக்ஸ்த் ஃபார்மில் பெண்களைச் சேர்க்கும், அங்கே கணிதம் மிக வலு. கட்டணம் மலைக்க வைக்கும். 2025 ஜனவரியிலிருந்து அதன் மேல் 20 விழுக்காடு வாட் வரியும் சேர்ந்துவிட்டது. வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கும் பர்சரி இருக்கிறது, சில சமயம் முழுக் கட்டணத்தையும் அது தாங்கும். ஆனால் இவர்களுடைய பதிவுக் கடைசித் தேதி மற்ற எல்லோருக்கும் முந்தி வரும்; இயர் 11 தொடங்கிய சில வாரங்களிலேயே முடிந்துவிடலாம்.

தேர்வுக்கு வருவோம். கணிதப் பள்ளிகளின் நுழைவுத் தேர்வு ஜி.சி.எஸ்.இ. பாடத்தை வைத்தே வரும், ஜி.சி.எஸ்.இ. மாதிரி வராது. பழைய ஜி.சி.எஸ்.இ. வினாத்தாள்களை அடுக்கி வைத்துப் போட்டால் கை வேகமாகும், அவ்வளவுதான். இவர்கள் பார்ப்பது, தெரியாத கணக்கு முன்னால் வந்தால் பிள்ளை என்ன செய்கிறது என்பதை. நான் பிள்ளைகளோடு போட்டுப் பார்க்கும் ஒரு கணக்கைச் சொல்கிறேன். ஒரு முழு எண்ணை எடு, அதன் கனத்திலிருந்து அதே எண்ணைக் கழி. விடை எப்போதும் 6-ஆல் வகுபடுமா?

நல்ல பிள்ளை உடனே சூத்திரம் தேடாது. 4 போட்டுப் பார்க்கும், 64-இல் 4 போனால் 60. 5 போட்டால் 120. 7 போட்டால் 336. எல்லாம் வகுபடுகிறது. ஏன்? இங்கே பலர் நின்றுவிடுவார்கள். காரணிப்படுத்தினால் அது அந்த எண், அதற்கு முந்திய எண், பிந்திய எண் ஆகிய மூன்றின் பெருக்கல் என்று தெரியும். அடுத்தடுத்த மூன்று எண்களில் ஒன்று 3-இன் மடங்கு, குறைந்தது ஒன்று இரட்டை. முடிந்தது. நேர்காணல் அங்கேதான் ஆரம்பிக்கும்: "சரி, 24-ஆல் எப்போது வகுபடும்?" 120-உம் 336-உம் வகுபடுகின்றன, 60 வகுபடவில்லை. ஒற்றை எண் எடுத்தால் அதன் இருபுறமும் அடுத்தடுத்த இரட்டை எண்கள், அவற்றில் ஒன்று 4-இன் மடங்கு, ஆக 8 வந்துவிட்டது, 3 ஏற்கெனவே இருக்கிறது. இரட்டை எண் எடுத்தால் இருபுறமும் ஒற்றை. அப்போது அந்த எண்ணே 8-இன் மடங்காக இருந்தால்தான் நடக்கும். 8 போட்டுப் பாருங்கள், 504 வரும், 24 இருபத்தொரு முறை. இதில் கடைசிப் படி வரை போகாவிட்டாலும் பரவாயில்லை. வாய்விட்டு யோசிப்பதும், "இது தப்பு, வேறு மாதிரி பார்க்கிறேன்" என்று திரும்புவதும், குறிப்புக் கொடுத்தால் பிடித்துக்கொள்வதும்தான் எதிரே இருப்பவர் கவனிப்பவை. நம் வீடுகளில் கணக்கு என்றால் வாயை மூடிக்கொண்டு வேகமாகப் போடுவது. அந்தப் பழக்கத்தை மட்டும் மாற்ற வேண்டியிருக்கும். சாப்பாட்டு மேசையில் ஒரு கணக்கை அவள் உங்களுக்கு விளக்கட்டும். தமிழில் விளக்கினால் இன்னும் நல்லது, மனப்பாடச் சொற்கள் கைகொடுக்காது.

எனவே டியூஷன் கேள்விக்கு என் பதில், வேண்டாம். பணத்தை மிச்சம் பிடியுங்கள். யு.கே. மேத்தமேட்டிக்ஸ் டிரஸ்டின் இன்டர்மீடியட் சாலஞ்ச் என்ற கணிதப் போட்டியின் பழைய தாள்கள் இணையத்தில் இலவசம். அது எளிதாகிவிட்டால் அதற்கு அடுத்த மக்லாரின் ஒலிம்பியாட், ஆறு கேள்வி, இரண்டு மணி நேரம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் என்ரிச் தளமும் இலவசம். வாரத்துக்கு மூன்று கணக்கு, ஒவ்வொன்றோடும் நாற்பது நிமிடமாவது மல்லுக்கட்டல், பிறகே விடை பார்ப்பது. பள்ளியில் சாலஞ்ச் தேர்வு நடத்துகிறார்களா என்று இப்போதே கேட்டு அவள் பெயரைக் கொடுத்துவிடுங்கள். கிராமர் பள்ளிப் பிள்ளைகள் பலர் ஜி.சி.எஸ்.இ. மட்டத்திலேயே லெவல் 2 ஃபர்தர் மேத்ஸ் என்ற கூடுதல் தேர்வு எழுதியிருப்பார்கள். உங்கள் பள்ளியில் அது இல்லை என்றால் அதற்காக அலைய வேண்டாம்.

விண்ணப்பத்தில் எழுதும் சிறு கட்டுரையில் "எனக்குச் சிறு வயது முதலே கணிதத்தில் தீராத ஆர்வம்" என்று ஆரம்பிக்க விடாதீர்கள். படிப்பவர் அன்று காலையிலேயே அதை ஐம்பது முறை படித்திருப்பார். ஒரு குறிப்பிட்ட கணக்கு, அதில் எங்கே மாட்டினாள், எப்படி வெளியே வந்தாள் என்று எட்டு வரி எழுதட்டும். அபாகஸ் சான்றிதழ், கீபோர்டு கிரேடு, பேச்சுப்போட்டிக் கோப்பை எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம். பள்ளி முன்கூட்டியே கணித்துக் கொடுக்கும் ப்ரிடிக்டட் கிரேடு பெரும்பாலும் நவம்பர், டிசம்பர் மாக் தேர்வை ஒட்டியே இருக்கும். ஆகவே அந்த மாக் உண்மையான தேர்வு மாதிரிதான். கணிதத்தில் 9 வந்தாலும் ஆங்கிலம் காலை வாரிவிட்டால் இடம் போகும். கடும் போட்டி இடங்கள் பலவற்றில் எல்லாப் பாடக் கூட்டலையும் பார்ப்பார்கள்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: இயர் 12 முடிவில் மதிப்பெண் குறைந்தால் என்ன செய்வார்கள்? 2017-இல் ஆர்பிங்டனில் உள்ள செயின்ட் ஒலேவ்ஸ் கிராமர் பள்ளி, இயர் 12-இல் எதிர்பார்த்த கிரேடு எடுக்காத மாணவர்களை இயர் 13-க்கு விட மறுத்தது. பெற்றோர் நீதிமன்றத்துக்குப் போனதும் பள்ளி பின்வாங்கியது. அதற்குப் பிறகு பள்ளிகள் இதில் எச்சரிக்கையாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் "வேறு பாடத்துக்கு மாறிக்கொள்ளேன்" என்ற மெல்லிய நெருக்கடி எங்கே உண்டு, எங்கே இல்லை என்பதை அங்கே படிக்கும் இயர் 13 பிள்ளைகளிடம் கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள்.

தேதிகள்: ஓப்பன் ஈவினிங் எல்லாம் செப்டம்பர் முதல் நவம்பர் வரை. விண்ணப்பங்கள் இலையுதிர் காலத்தில் திறந்து, சில இடங்களில் டிசம்பருக்குள்ளும் சில இடங்களில் ஜனவரி, பிப்ரவரியிலும் மூடும். ஒவ்வொரு பள்ளியின் தளத்திலும் அந்த ஆண்டுக்கான தேதியைப் பார்த்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள். வசந்தத்தில் வரும் ஆஃபர் எல்லாம் நிபந்தனையோடுதான் வரும், கணிதத்தில் 8 அல்லது 9, மற்றவற்றில் இத்தனை என்று. ஜி.சி.எஸ்.இ. முடிவு ஆகஸ்ட் பிற்பாதியில் ஒரு வியாழக்கிழமை. அன்றோ மறுநாளோ சேர்க்கைப் பதிவு. அந்த வாரம் ஊருக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள், நேரில் வரச் சொல்லும் பள்ளிகள் உண்டு. ஒரு கிரேடு குறைந்திருந்தாலும் காலை பத்து மணிக்குள் அழைத்துக் கேளுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் நான்கு ஆஃபரை வைத்துக்கொண்டு மூன்றை விடுவதால் அன்று இடங்கள் நகரும். வெயிட்டிங் லிஸ்டில் இருந்தவர்களுக்கு அன்று மதியமே அழைப்பு வருவதுண்டு. நீங்கள் ஒன்றில் பதிவு செய்ததும் மற்ற மூன்றுக்கும் வேண்டாம் என்று மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள், யாரோ ஒரு பிள்ளை அந்த இடத்துக்காகத் தொலைபேசி அருகே உட்கார்ந்திருக்கும்.